மறுபக்கத்தில் அந்தப் பெயர்

எழுபத்தொன்பதாம் தெருவும் காட்டேஜ் குரோவும் சந்திக்கும் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியிருந்தபோதுதான் வெர்டெல் டாலிவர் தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டாள். 1989 ஏப்ரல், மதியம் இரண்டு மணி. பக்கத்தில் ஒரு பழுப்பு நிறக் கார் வந்து நின்றது. கண்ணாடிகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. ஓட்டியவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளிருந்து டிரம் சத்தம், மாவு மில் ஓடுகிற மாதிரி மூச்சு விடாமல். அதற்கு மேல் ஒரு பெண்.

"நான் கையை விட்டுட்டேன்... அவர் விடல. நான் கையை விட்டுட்டேன்... அவர் விடல."

தன்னுடைய கோட்டை வேறொருத்தி போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது வெர்டெலுக்கு. கோட்டு தன்னுடையதுதான். ஆனால் பொத்தான் ஒன்று மாறியிருந்தது. அவள் 'அவர்' என்று பாடவில்லை. 'இயேசு' என்றுதான் பாடினாள்.

விளக்கு பச்சையாகி, கார் போய்விட்டது. பஸ் மட்டும் நின்றது.

"டிரைவரம்மா, இங்கயே வீடு கட்டப் போறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

வெர்டெலுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சிகாகோவின் தென்பகுதியில் பதினான்கு வருஷமாக பஸ் ஓட்டுகிறாள். கணவர் இறந்து ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் மவுண்ட் நீபோ பாப்டிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் முதல் வரிசை. குழு ஒரு பாட்டை முடித்த பிறகும் சபை எழுந்திருக்காது. வெர்டெல் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போவாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் போவாள், சில நாள் பத்து நிமிஷம். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில் அப்படிப் போனபோது வாயில் வந்ததுதான் அந்த வரி. எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் அது இல்லை.

அதை இசைத்தட்டாக்க வேண்டும் என்று கேட்டவன் ரெனார்ட் ஓக்ஸ். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை மவுண்ட் நீபோவில் ஆர்கன் வாசித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது இருபத்து நான்கு வயது. பகலில் செருப்புக் கடையில் வேலை. மற்ற நேரத்தில் அம்மா வீட்டு நிலவறையில் இசை. தென்பகுதியில் அந்த வகை இசையை ஹவுஸ் என்றார்கள். பெரியவர்கள் இரைச்சல் என்றார்கள்.

போன கோடையில் ஒருநாள் மடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு அவளுடைய பஸ்ஸில், டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டான்.

"மிஸ் வெர்டெல், எனக்கு ஒரு நாலு வரி பாடித் தரணும்."

"என்ன நாலு வரி?"

"குழு முடிச்சப்புறம் நீங்க தனியா போவீங்களே, அது."

"அது நாலு வரி இல்லப்பா. ஒரு வரிதான். அதையே திருப்பித் திருப்பிச் சொல்றேன்."

"அதான் வேணும். என் பாட்டும் அப்படித்தான்."

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "சாமி பாட்டா, ஆடற பாட்டா?"

"ரெண்டும்" என்றான். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பதால் அவள் ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு போனாள். நிலவறையில் ஒரு பக்கம் துணி துவைக்கிற மெஷின், இன்னொரு பக்கம் அவனுடைய பெட்டிகள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு டிரம் பெட்டியை ஓடவிட்டான். சர்ச்சில் டிரம்மர் அவளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். அவள் மூச்சு இழுத்தால் அவர் குச்சி காத்திருக்கும். இது யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"ஏம்பா, இது களைக்கவே களைக்காதா?"

"களைக்காது மிஸ் வெர்டெல். கரண்ட் இருக்கிறவரைக்கும் ஓடும்."

"அப்ப நான்தான் களைக்கணுமா?"

முதல் பத்து நிமிஷம் அவள் அதோடு சண்டை போட்டாள். பிறகு விட்டுவிட்டாள். டிரம்முக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அது முன்னால் போகட்டும் என்று பாடிப் பார்த்தாள். அது சரியாக இருந்தது. நாற்பது நிமிஷம் பாடினாள். முடிந்ததும் ரெனார்டின் அம்மா பீச் பழம் போட்ட இனிப்பைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் அதிகம் நினைக்கவில்லை.

அந்தக் கார் போன மறுநாள் அவள் செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். ரெனார்ட் ஒரு பெரியவரின் கால் அளவை எடுத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

"எங்கடா அவர் பேரு?"

அவன் நிமிர்ந்தான். யாருடைய பெயர் என்று கேட்கவில்லை. "நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? நான் செத்தப்புறமா?"

கால் அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் சாக்ஸை மாட்டிக்கொண்டு வேறு அலமாரிப் பக்கம் போனார்.

"தட்டை அச்சடிச்சு விக்கிறவர் கேட்டார் மிஸ் வெர்டெல். அந்தப் பேரு இருந்தா யாரும் போடமாட்டாங்கன்னார். சர்ச் ரேடியோவுக்கு டிரம் ஆகாது. டான்ஸ் ரேடியோவுக்கு இயேசு ஆகாது."

"உனக்கு எது ஆகாது?"

"எனக்கு ரெண்டும் ஆகும். அதனாலதான் இந்தக் கடையில செருப்பு மாட்டிவிட்டுட்டு இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "என் வாயிலேர்ந்து ஒரு சொல்லப் பிடுங்கியிருக்க. பல்லு பிடுங்கறவன்கூட கேட்டுட்டுத்தான் பிடுங்குவான். 'அவர்'ங்கிறதை எங்கேர்ந்து கொண்டு வந்த? நான் அதைப் பாடவே இல்லையே."

"நீங்க நடுவுல ஒருதடவை 'அவர் நல்லவர்'னு சொன்னீங்க. அதிலேர்ந்து வெட்டி ஒட்டினேன்."

"தையக்காரன் மாதிரி."

"ஆமா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

ஆங்கிலத்தில் 'அவருக்கும்' 'அவனுக்கும்' ஒரே சொல்தான். சிக்கல் அங்கேதான் இருந்தது. பெயரை எடுத்ததும் பாட்டு, விட்டுப்போகாத ஒரு காதலனைப் பற்றியதாகிவிட்டது. கேட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். அதனாலேயே அது ஓடியது என்று தட்டு விற்றவர் சொன்னார். மே மாதக் கடைசியில் எழுபத்தொன்பதாம் தெருவில் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அது அவளுடைய பஸ்ஸைத் தாண்டிப் போனது. ரெனார்ட் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தான்: அடுத்த அச்சில், தட்டின் மறுபக்கத்தில், ஒரு சொல்லும் வெட்டாமல் முழுவதையும் போடுவான்.

சபைக்கு விஷயம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. அந்தக் குரலைப் பதினைந்து வருஷமாகக் கேட்டவர்கள் அவர்கள். சொப்ரானோ என்ற உச்சக்குரல் வரிசையில் இருந்த ஐமோஜீன், வெர்டெலின் பள்ளிக்கூடத் தோழி, ஒத்திகை அறையில் எல்லோருக்கும் கேட்கிறபடி ஆரம்பித்தாள்.

"ஏண்டி, யாருடி அந்த ஆளு? விடவே மாட்டேங்கிறானாமே. ரேடியோவெல்லாம் சொல்லுது, என்கிட்ட மட்டும் சொல்லல."

"உனக்குத் தெரிஞ்ச ஆளுதான். ஞாயித்துக்கிழமை வந்து பாரு, உனக்கும் ஒரு கை கொடுப்பார்."

"எனக்கு வேணாம்மா. எனக்கு வாய்ச்சவனே விடமாட்டேங்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். டெனர் என்ற ஆண்குரல் வரிசையிலிருந்த லூசியஸ் பெட்டிஃபோர்ட் மட்டும் சிரிக்கவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். முப்பத்தெட்டு வயது, கல்யாணமாகாதவர், எப்போதும் கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி டை. பாடகர் குழுவின் செயலாளர். நோட்டைத் திறந்து வருகையைக் குறித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை வேதபாட வகுப்பு முடிந்ததும் போதகர் ஹோபர்ட் கெய்ன்ஸ் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். குரலை உயர்த்துகிறவர் அல்ல. நாற்காலியை அவரே இழுத்துப்போட்டார்.

"சிஸ்டர் டாலிவர், அந்தப் பாட்டுல 'அவர் விடல'ன்னு வருதே, யாரு அவர்?"

"உங்களுக்குத் தெரியாதா பாஸ்டர்? இங்கதான் பாடினேன். நீங்கதான் ஆமென் சொன்னீங்க."

"எனக்குத் தெரியும். கடைத்தெருவுல கேக்கறவனுக்குத் தெரியுமா? பேரு எங்க?"

"வெட்டிட்டாங்க."

"உங்களக் கேட்டா?"

"கேக்கல."

அவர் விரல்களைக் கோத்துக்கொண்டார். "நீங்க பாடினது நல்ல பாட்டு. ஊர்ல ஓடறது வெட்டின பாட்டு. அது சரியாகிறவரைக்கும் நீங்க குழுவுல உக்கார வேணாம். சபையில உக்காருங்க."

அவளுக்கு அது நியாயம் என்றே பட்டது. குழுவின் அங்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஏழாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். பதினைந்து வருஷத்தில் பிரசங்கம் செய்யும் போதகரின் முகத்தை முன்பக்கமாகப் பார்த்தது அன்றுதான். அதுவரை அவருடைய பின்னந்தலைதான்.

இரண்டாம் அச்சு ஜூலையில் வந்தது. ரெனார்ட் சொன்னபடி செய்திருந்தான். மறுபக்கம் ஒன்பது நிமிஷம். 'இது களைக்கவே களைக்காதா?' என்று அவள் கேட்டதைக்கூட வெட்டாமல் தொடக்கத்தில் விட்டிருந்தான். பிறகு டிரம், பிறகு அந்த வரி, பெயரோடு.

தட்டு விற்றவர் அதை ஒரு மரியாதைக்காகத்தான் ஒப்புக்கொண்டார். மறுபக்கத்தை யார் போடப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பியது. ரேடியோ முன்பக்கத்தையே போட்டது. ஆனால் ஆட்டக்கூடங்களில், மூன்று வாரத்தில், தட்டைத் திருப்பிவிட்டார்கள். கூட்டம் திருப்பச் சொன்னது என்றார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு சர்ச்சில் பாடினவர்கள், வாசித்தவர்கள், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகாமல் நின்றவர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் எந்த இடத்தில் வரவேண்டும் என்று தெரிந்திருந்தது. முன்பக்கத்தில் அது வராதபோது கால் தடுக்கியது போல இருந்ததாம்.

வெளிநாட்டிலும் ஓடியது. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி முன்பக்கத்தை மட்டும் வாங்கி, அவள் பெயரைப் போடாமல் வெளியிட்டது. அங்கே ஒரு பத்திரிகை, 'இருபது வயதுப் பெண் ஒருத்தியின் ஏக்கம்' என்று எழுதியது. ஒரு வானொலி அறிவிப்பாளர், குரல் யாரோ காலஞ்சென்ற பாடகியின் பழைய தட்டிலிருந்து எடுத்தது என்றே சொல்லிவிட்டார். ரெனார்டின் அம்மா மூலம் அது ஐமோஜீன் காதுக்கு எட்டியது. உடனே போன்.

"ஏண்டி, நீ செத்துட்டியாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாகக் கூடாதா? கறுப்புத் தொப்பி வேற சலவைக்குப் போட்டிருக்கேன்."

"அது வரட்டும். அதுவரைக்கும் உயிரோட இருக்கேன்" என்றாள் வெர்டெல்.

புதிய அச்சு கைக்கு வந்த வாரமே அவள் அதை போதகரிடம் எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிறு பள்ளிக்கு வைத்திருந்த பழைய ரெக்கார்ட் பிளேயரில் மறுபக்கத்தை வைத்தாள். அவர் ஒன்பது நிமிஷமும் கேட்டார். ஊசி ஓரத்துக்குப் போய் உரசத் தொடங்கியதும் அவரே எழுந்து எடுத்துவைத்தார்.

"நல்லா பாடியிருக்கீங்க."

"பேரு இருக்கு பாஸ்டர்."

"இருக்கு. இப்ப எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. அந்தப் பேரை வெச்சுக்கிட்டு எங்க ஆடறாங்க?"

"நீங்க கேட்டது பேரு. கொண்டுவந்துட்டேன். இப்ப இடத்தைக் கேக்கறீங்க."

"கேக்கத்தானே வேணும்? முன்னாடி யாரோ ஒருத்தனைப் பத்தின பாட்டு, தொலையட்டும்னு விடலாம். இப்ப அவரையே கொண்டுபோய் அங்க நிறுத்தியிருக்கீங்க. நீங்க அந்த இடத்தைப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. நீங்க?"

"நானும் இல்ல." அவர் நேர்மையான மனிதர். "பாக்காமலே நான் வேணாங்கறேன். பாக்காமலே நீங்க பாடியிருக்கீங்க."

அந்த வாக்கியம் அவளை இரண்டு வாரம் விடவில்லை. கடைசியில் ரெனார்டைக் கூப்பிட்டு, பகலில் ஆடுகிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஒரு பழைய நாற்காலிக் கிடங்கில். மது கிடையாது, பழரசம்தான்.

ஆராதனை முடிந்து, வீட்டில் கோழியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, காலையில் போட்ட வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகவே போனாள். வேறு என்ன போட்டுக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற பெரிய உடம்புக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"அம்மா, பையனத் தேடி வந்தீங்களா?"

"இல்லப்பா. நான் பாடினவ."

ரெனார்ட் பின்னாலிருந்து தலையாட்டினான். வாசற்காரன் தன் தொப்பியைக் கழற்றிவிட்டான். உள்ளே ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து, சத்தம் கொஞ்சம் குறைவான ஒரு தூணோரம் போட்டார்கள்.

நானூறு பேர் இருக்கலாம். வெக்கை. சட்டையில்லாதவர்கள், வியர்வை, பழச்சாறின் வாடை. பெரும்பாலும் ஆண்கள், ஆண்களோடு ஆடினார்கள். அவளுக்கு அது பழக்கமில்லை. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, வந்தது பார்க்கத்தானே என்று பார்த்தாள்.

தட்டு போடுகிறவன் மறுபக்கத்தை வைத்தான். 'இது களைக்கவே களைக்காதா?' என்று அவள் குரல் கேட்டதும் கூட்டம் "களைக்காது!" என்று ஒரே குரலில் பதில் கொடுத்தது. அவள் திடுக்கிட்டுவிட்டாள். யாரோ ஒருவன் கஞ்சிரா மாதிரியான தம்புரின் ஒன்று வைத்திருந்தான். சரியான இடத்தில் தட்டினான், மவுண்ட் நீபோவில் தட்டுகிறவளைவிடச் சரியாக. "நான் கையை விட்டுட்டேன்" என்ற இடத்தில் தட்டுக்காரன் சத்தத்தை முழுதாக அடைத்துவிட்டான். அந்த மௌனத்தில் நானூறு பேர் அந்தப் பெயரைச் சொன்னார்கள். சிலர் கத்தினார்கள். சிலர் சும்மா உதட்டை மட்டும் அசைத்தார்கள்.

அவளுக்கு ஐந்தடி தள்ளி ஒருவன் பரவசத்தில் மயங்கி விழுந்தான். இரண்டு பேர் உடனே குனிந்து தங்கள் சட்டைகளால் விசிறினார்கள். மூன்றாவது ஆள் அவன் தலை தூணில் மோதாமல் கையைக் கொடுத்தான். சர்ச்சில் யாராவது அப்படி விழுந்தால் உதவிக்கு நிற்கிறவர்கள் செய்வதும் இதேதான், அதே வரிசையில். கையைக் கொடுத்த மூன்றாவது ஆள் நிமிர்ந்தார். கழுத்தில் பட்டாம்பூச்சி டை இல்லாததால் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. லூசியஸ் பெட்டிஃபோர்ட்.

அன்று காலை டெனர் வரிசையில் நின்று பாடியவர். அவர் அவளைப் பார்த்தார். ஓடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பது போல அவள் தலையசைத்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். சிறிதுநேரம் கழித்து, தலை வலிக்கிறது என்று ரெனார்டிடம் சொல்லிவிட்டு அவளும் கிளம்பினாள். தலை உண்மையிலேயே வலித்தது.

அவள் அங்கே போனது வியாழக்கிழமைக்குள் சபைக்கு வந்துவிட்டது. வெள்ளைத் தொப்பியோடு கிடங்கில் உட்கார்ந்திருந்தவளை யாரும் கவனிக்காமல் இருப்பார்களா? இம்முறை போதகர் தனியாகக் கூப்பிடவில்லை. சபையை நிர்வகிக்கும் மூன்று டீக்கன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் ஓரத்தில், குழுவின் செயலாளர் என்ற முறையில், நடப்பதை எழுத நோட்டோடு லூசியஸ். டை போட்டிருந்தார்.

டீக்கன் விட்லோ ஆரம்பித்தார். "போனது உண்மையா சிஸ்டர்?"

"உண்மை. போய்ப் பாக்காம பேசறோம்னு பாஸ்டர் சொன்னார். போய்ப் பாத்தேன்."

"நான் போகச் சொல்லல" என்றார் போதகர்.

"சொல்லல. நானாத்தான் போனேன்."

"என்ன பாத்தீங்க?"

"வெக்கையா இருந்தது. சத்தம் அதிகம். நான் பாடினதை என்னைவிட நம்பிப் பாடினாங்க. விழுந்த ஒருத்தனைத் தாங்கிப் பிடிச்சாங்க."

விட்லோ முன்னால் சாய்ந்தார். "நம்ம சபை ஆளுங்க யாராவது அங்க இருந்தாங்களா?"

பேனா நின்றது. அவள் லூசியஸ் பக்கம் திரும்பவில்லை. எதிரே சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போனது பாக்கறதுக்கு. ஆள் எண்ணறதுக்கு இல்ல."

"இது பதிலா? நாங்க கேக்கறோம், சபையோட நன்மைக்கு. ஒரு பேரு சொன்னாப் போதும். உங்க விஷயத்தையும் நாங்க வேற மாதிரி யோசிக்கலாம்."

"ஒரு பேரைச் சொன்னதுக்குத்தான் இப்ப இங்க நிக்கறேன் டீக்கன். இன்னொரு பேரு என் வாயில வராது."

விட்லோவுக்கு முகம் சிவந்தது. போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். லூசியஸ் தலைநிமிராமல் அவள் சொன்னதை அப்படியே எழுதினார். பிறகு தீர்மானத்தையும் எழுதினார்: சிஸ்டர் டாலிவர் ஒரு வருஷத்துக்குப் பாடகர் குழுவில் இருக்கக் கூடாது. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியைக் குறித்தார்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் அவர் அவளுக்கு முன்னாலேயே போய்க் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் கிடங்கில் பார்த்த விவரம் ஐமோஜீனுக்குத் தெரியாது. வெர்டெல் அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு நாள் நட்பில் அவள் மறைத்த ஒரே விஷயம் அதுதான்.

அக்டோபரில் இங்கிலாந்துக் கம்பெனிக்கு அவள் உயிரோடிருப்பது தெரியவந்தது. பாட்டு அங்கே விற்பனைப் பட்டியலில் பதினோராவது இடத்துக்கு வந்திருந்தது. தொலைக்காட்சியில் பாட வரமுடியுமா என்று கேட்டார்கள். அவள் ஒன்பது நாள் லீவு எடுத்தாள். ஒரே நிபந்தனை வைத்தாள்: அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாடுவாள். வேண்டாம் என்பார்கள், வந்த வழியே திரும்பிவிடலாம் என்று பாதி எதிர்பார்த்தும் இருந்தாள். லண்டனில் அவளை வரவேற்ற பெண் காகிதத்தில் குறித்துக்கொண்டு, "தாராளமா, உங்க இஷ்டம். மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சா சரி" என்றாள்.

மூன்று நிமிஷத்தில் ஆறு தடவை அந்தப் பெயரைப் பாடினாள். கூடியிருந்த இளசுகள் நன்றாக ஆடினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் கண் கலங்கவும் இல்லை. அது அவர்களுக்கு வெறும் ஒரு சொல், தாளத்துக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். ஒரு நகரத்தில் ஆறு மாதமாகச் சண்டைக்குக் காரணமான சொல், இன்னொரு நகரத்தில் காற்றோடு போனது. மேக்கப் போட்ட பெண் மட்டும், "உங்க கோரஸ் ரொம்பப் பிடிச்சிருக்கு, உங்க கணவரப் பத்தியா?" என்று கேட்டாள். வெர்டெல் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அவரு சாகும்போது பாடினது" என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை. ஊர் திரும்பியதும் மறுநாள் காலை ஐந்தரை ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

மவுண்ட் நீபோவின் ஏழாவது வரிசையில் அவள் கிறிஸ்துமஸ்வரை உட்கார்ந்தாள். பாடாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு வரவில்லை. பாட்டு தொடங்கினால் தோள் தானாக எழும். புத்தாண்டில் எண்பத்து மூன்றாம் தெருவில் ஒரு சின்னச் சபைக்குப் போகத் தொடங்கினாள். முன்பு சலூனாக இருந்த கடை. முப்பது பேர். டிரம்மர் சுமார் ரகம், தாளம் தள்ளாடும். ரெனார்டின் டிரம் பெட்டியோடு மல்லுக்கட்டிய பிறகு அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அங்கே யாரும் இசைத்தட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும்.

ரெனார்ட் அதே பாணியில் இன்னும் இரண்டு தட்டுகள் போட்டான், வேறு பாடகிகளை வைத்து. இரண்டும் ஓடவில்லை. மூன்றாவதற்கு அவளைக் கேட்டான். "சொல்லிட்டு வெட்டுவியா, சொல்லாம வெட்டுவியா?" என்றாள். "வெட்டவே மாட்டேன்" என்றான். பாடிக்கொடுத்தாள். அதுவும் ஓடவில்லை. ஆனால் இருவருக்கும் அது முதல் தட்டைவிடப் பிடித்திருந்தது.

1990 செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அந்தச் சலூன் சபையின் கடைசி நாற்காலியில் லூசியஸ் வந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் போய்விட்டார். நான்காவது வாரம் அவளிடம் வந்து நின்றார்.

"சிஸ்டர் டாலிவர், இங்க டெனருக்கு ஆள் இருக்கா?"

"ஆளே இல்ல பிரதர். இருக்கிற ஆம்பளைங்க ரெண்டு பேரும் டிரம்மும் கிட்டாரும்."

"வியாழக்கிழமை ஒத்திகைக்கு வரட்டுமா?"

"ஏழு மணிக்கு. ஹீட்டர் சரியில்ல, கோட்டு போட்டுட்டு வாங்க."

டீக்கன்களின் அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வந்தது போல இருந்தது, ஆனால் அவள் ஹீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். அவர் வந்தார். முதல் ஒத்திகையில் அவர் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நடுங்கவில்லை.

அடுத்த மார்ச்சில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், போதகர் கெய்ன்ஸ் எழுபத்தொன்பதாம் தெருவில் அவளுடைய பஸ்ஸில் ஏறினார். அவருடைய கார் பழுதாகியிருந்தது. டிரைவரைப் பார்த்ததும் ஒரு படியில் தயங்கினார். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க சிஸ்டர்?"

"கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன் பாஸ்டர். கம்பியைப் பிடிச்சுக்குங்க, ரோடு வழுக்குது."

மூன்று நிறுத்தங்கள் போயின.

"பெட்டிஃபோர்ட் இப்ப உங்க சபையில பாடறாராமே" என்றார்.

"ஆமா. நல்லா பாடறார்."

"அன்னிக்கு விட்லோ கேட்டப்ப, எனக்குத் தெரியும்." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பேனா நின்னுச்சே, அதைப் பாத்தேன். நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல."

அவள் கண்ணாடியில் பின்னால் இறங்குகிறவர்களைப் பார்த்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். பஸ் நகர்ந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"நானும்தான் திறக்கல பாஸ்டர். எழுதினவரும் திறக்கல. மூணு பேரும் வாயை மூடிட்டு இருந்ததாலதான் அவரு பொழைச்சாரு."

அவர் மெல்லச் சிரித்தார், சந்தோஷமாக அல்ல. "ஒரு வருஷம்னு போட்டது எப்பவோ முடிஞ்சுபோச்சு. ஈஸ்டருக்கு வாங்க. உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. ஐமோஜீன் யாரையும் உக்கார விடமாட்டேங்கறா."

"ஈஸ்டருக்கு எனக்கு ஷிஃப்ட்."

"அதுக்கு அடுத்த வாரம்?"

"அதுக்கு அடுத்த வாரம் எங்க சபையில வாசல்ல நிக்கற முறை என்னுது." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இறங்கி வந்தாள். "கூப்பிட்டதுக்குச் சந்தோஷம் பாஸ்டர். நிஜமாத்தான் சொல்றேன். நீங்க கொஞ்சம் லேட். நான் வேற இடத்துல உக்காந்துட்டேன்."

அவர் தலையாட்டினார். ஸ்டோனி ஐலண்ட் நிறுத்தத்தில் இறங்க எழுந்தார். படியில் நின்று, "அப்ப ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் அங்க வந்து கேக்கலாமா?" என்றார்.

"வரலாம். நாற்காலி மடக்கு நாற்காலிதான். முதுகு வலிக்கும்."

அவர் சேற்றைப் பார்த்துக் காலை வைத்து இறங்கினார். வெர்டெல் கதவை மூடி, இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்து, ஒரு லாரி போகும்வரை காத்திருந்து, பஸ்ஸை எடுத்தாள்.